மேற்குப் பக்கம்

பதினோரு செடி.
மகஜரில் அப்படித்தான் எழுதினேன்.
உயரம் இடுப்பளவு. ஈர எடை இவ்வளவு.
இடம், கம்பம்மெட்டுக்கு மேலே
கைவிட்ட ஏலக்காட்டின் சரிவு.
மற்றதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பங்குனி கடைசி.
பாறை செருப்பைத் தாண்டிச் சுட்டது.
தங்கமாயன் ஏட்டு எல்லைக்கல்லில் உட்கார்ந்து
ஒரு பக்கம் கேரளா சுடுது
ஒரு பக்கம் தமிழ்நாடு சுடுதுடா என்று
சட்டென எழுந்துவிட்டார்.
வழி காட்ட வந்த அவுசேப்பு மட்டும் சிரிக்கவில்லை.
அவன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்கே மட்டும் கிளை கழித்திருந்தது.
மேற்கே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கவில்லை.
யாரோ நாள் முழுக்க இங்கே உட்கார்ந்து
நிழல் ஊர்வதைப் பார்த்திருக்கிறான்.
பாறையில் கரிக்கோடுகள்,
வெயில் எட்டும் இடத்துக்கு ஒன்று,
விடும் இடத்துக்கு ஒன்று.
காலை வெயில் கூலி
மூன்று மணி வெயில் கந்துவட்டி
என்று தெரிந்தவன்.

கிளைக்கிடையே எஞ்சிய பொத்தலுக்கு
ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான்,
வெள்ளை முதுகை வெயிலுக்குக் காட்டி.
இந்தப் பக்கம் பூப்புனித நீராட்டு விழா.
ஊரும் தேதியும் இருந்த ஓரத்தைக் கத்தரித்திருந்தது.
மாலையோடு நின்ற பெண்ணையும்
கைகூப்பிய தாய்மாமன்களையும்
காலை வெளிச்சம் நீலமாய் வெளுத்திருந்தது.
நீல மாமன்கள் நீலமாய்ச் சிரித்தபடி
பதினோரு செடியைக் காவல் காத்தார்கள்.

பெயின்ட் வாளிகளுக்கு வெளியே சுண்ணாம்பு.
மண்மேல் காய்ந்த ஏலத்தோகை.
விலக்கி விரலை விட்டேன்.
உள்ளே குளிர்ந்திருந்தது,
காய்ச்சல்காரனின் வீட்டில்
மண்பானைக்குள் கை விட்டாற்போல.

பிடுங்கினோம்.
எண்ணினோம். கட்டினோம்.
பாறை ஓரத்தில் ஃப்ளெக்ஸைச் சுருட்டும்போது
அந்தப் பெண்ணின் முகம்
கடைசியாக உள்ளே போனது.

லைன் வீட்டில் பவுன்தாய்
மொட்டைமாடியில் மிளகாய் வைத்திருந்தாள்.
மூன்று வருடமாய் வைக்கிறாள்,
மூன்று வருடமாய்ச் சித்திரை வந்ததும்
பூ கருகிக் கொட்டும்.
தண்ணி போதலை என்று நான் சொல்வேன்.
உங்க ஊர் வெயில் சரியில்லை என்று அவள் சொல்வாள்.
கல்யாணம் ஆனதிலிருந்து எல்லாமே
எங்க ஊர், உங்க ஊர்தான்.

சட்டையைக் கூடக் கழற்றாமல்
சுண்ணாம்பு கரைத்தேன்.
வாளிகளுக்குப் பூசினேன்.
அவளது பழைய வெள்ளை வாயில் சேலையை
மேற்குக் கைப்பிடிச் சுவரில் இழுத்துக் கட்டினேன்.
வைக்கோலுக்கு நாலு வீடு அலைந்தேன்.
யாரு சொல்லிக் குடுத்தா? என்றாள்.
பேர் தெரியாது என்றேன்.
பொய் இல்லை.

சித்திரையில் பூ நின்றது.
எண்ணினேன், பழக்கதோஷம்.
வெள்ளை வெள்ளையாய் நாற்பத்தாறு.

போன வாரம் சோதனைச்சாவடியில்
குமுளி பஸ்.
ஜன்னலோரம் ஒருவன்.
இடது கன்னமும் இடது காதும் மட்டும்
கருகிய செம்பு நிறம்.
நாள்கணக்கில் ஒரே பக்கம் வெயில் வாங்கினால்தான்
மனிதன் அப்படிப் பாதியாய்க் கறுப்பான்.
மடியில் ஒரு பை.
பைமேல் இரண்டு கை.
நகக்கண்ணில் சுண்ணாம்பு.

வெற்றிலைக்காரனாக இருக்கலாம்.
வெள்ளையடிக்கிறவனாக இருக்கலாம்.
பையைத் திற என்று சொல்ல
கையை நீட்டினேன்.
என் நகக்கண்ணிலும் சுண்ணாம்பு.

அவன் அதைப் பார்த்தான்.
பிறகு என் முகத்தைப் பார்த்தான்.
மேற்கே வெயில் இறங்கி
பஸ் முழுக்க அடித்தது.
கண்டக்டர் கேட்டார்,
சார், போலாமா?