இருபது கிலோவுக்குக் கீழ்

பகாவ் ஆலையின் எடைப்பாலம்
இருபது இருபது கிலோவாகத்தான் ஏறும்.
அதற்குக் கீழே எதுவும்
அதன் கணக்கில் சைபர்.
பதினேழு வருடம் அந்தக் கண்ணாடிக் கூண்டில் நான்.

ஒரு புதன்கிழமை சைனலின் லோரி
செம்பனைக் குலையோடு ஏறி நின்றது.
முந்நூற்று இருபது என்று எழுதினேன்.
"அங்கிள், என் டயரே அவ்வளவு கனக்குமே!"
மறுபடி பார்த்தேன். முந்நூற்று இருபதுதான்.
இருபத்து நாலாயிரம்
இடப்பக்கம் நின்றிருக்கிறது,
என்னைக் கூப்பிடாமல்.

ஃபோர்மன் லியோங் கள்ளக்கணக்கு என்றுதான் நினைத்தார்.
குறை சொல்லமாட்டேன்,
நானாக இருந்தாலும் அப்படித்தான்.

அதற்கு முன்பே ஏழு வாரக் காய்ச்சல்.
சாயங்காலம் ஏறும், விடியலில் சட்டையைப் பிழியலாம்.
டெங்கி இல்லை என்றார்கள், பனடோல் கொடுத்தார்கள்.
காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.
நகத்துக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள்,
பனைமுள் ஏறி ஒடிந்த மாதிரி.
தவமலர் ஊக்கை நெருப்பில் காட்டிக்
கிளறிக் கிளறிப் பார்த்தாள்.
"முள்ளே இல்லியேங்க."

சிரம்பானில், இருட்டறையில்,
டாக்டர் ஹிதாயா திரையைத் திருப்பிக் காட்டினார்.
பன்னிரண்டு வயதில் மூட்டெல்லாம் வீங்கவைத்த காய்ச்சல்
போகும்போது தடிக்கவைத்துவிட்டுப் போன வால்வு.
அதன் நுனியில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.
முளைத்திருக்கிறது என்றார் மலாயில்.
நடாததும் முளைக்கும்,
எஸ்டேட்டில் பிறந்தவனுக்குத் தெரியாதா.
தீபாவளிக்கு முன் பிடுங்கிய கடைவாய்ப் பல்,
அந்தக் குழிவழியே கிருமி இறங்கியிருக்கலாமாம்.
துடிக்கத் துடிக்கக் கொஞ்சம் உதிருமாம்:
ஒரு துணுக்கு மண்ணீரலுக்கு,
பொடிப்பொடியாய் நகங்களுக்கு,
ஒன்று மேலே,
என் இடப்பக்கத்தை நான் வைத்திருந்த இடத்துக்கு.

"எவ்வளவு கனம் இருக்கும்?"
தொழில்புத்தி, கேட்டுவிட்டேன்.
யோசித்தார். அரிசி ஒன்றைவிடக் குறைவு என்றார்.

ஆறு வாரம். நாலு மணிக்கொரு பெனிசிலின்.
குத்த இடமில்லாமல் கை மாறி மாறி வீங்கியது.
முதல் வாரம் தவமலர் இடப்பக்கம் உட்கார்ந்து
அழுதிருக்கிறாள். நான் கவனிக்கவேயில்லை.
அப்புறம் ஒன்றும் சொல்லாமல்
நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இப்போது எண்பலகையின் இடது ஓரத்தில்
சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது.
அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பவேண்டும்,
பிறகுதான் வாசிக்கவேண்டும்.
வரிசை நீளும். சைனல் ஹாரன் அடிப்பான்.
அடிக்கட்டும்.
சிவப்பு.
பிறகு இரண்டு.
பிறகு நாலு.