ஆறாவது கட்டம்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
பூட்ஸுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி எங்களுடையது.
புகார்க் குழுவில் நாலு பெண்கள்.
இங்கிலீஷ் வரும் என்பதால் ஐந்தாவதாக நான்.
ஆம்பிளை எதற்கு என்று ஒருத்தி கேட்டதற்கு
டைப்படிக்க என்றார் மேனேஜர்.

நிரோஷா சொன்னாள்:
“மேல கை வெச்சாரு சார்.”

அடித்துப் பார்த்தேன்.
இங்கிலீஷில் அது
மேஜை மேல் கை வைத்த மாதிரி இருந்தது.
‘மேல’ என்றால் போதும்,
எது மேல என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை.
அந்த ஒரு சொல்லுக்குள் நின்றிருந்தவள்
திரையில் காணாமல் போயிருந்தாள்.

வெளிநாட்டுக்காரன் அனுப்பிய படிவம்.
ஆறாவது கட்டம்: தொடுதலின் தன்மை.
டிக் போட வரிசையாக
டச், பேட், ஸ்ட்ரோக், குரோப், அதர்ஸ்.
ஒவ்வொரு கைக்கும் ஒரு டப்பா செய்து
மூடி போட்டு வைத்திருக்கிறார்கள்.
குரோப் என்று எழுதிவிட்டால்
கேட்காமல் வந்த கை என்று
அந்தச் சொல்லே கூண்டேறிச் சாட்சி சொல்லும்.

நம் சொற்கள் அப்படி வராது.
தடவினான் என்றால்
தைலமா, குழந்தைக்கு எண்ணெயா,
காட்பாடி பஸ்ஸில் பின்னால் நின்றவனா
என்பதைச் சொன்னவளே இன்னொரு முறை
சொல்லியாக வேண்டும்.
தீண்டியது என்றால்
பள்ளிகொண்டா கரும்புக் கொல்லையில் அது பாம்பு,
ரேடியோவில் அது காற்று,
எங்கள் தெருப் பக்கம் வந்தால்
தொடாமலே விழுந்த அடி.

அந்த சூப்பர்வைசருக்குக் கையில் கண் என்பார்கள்.
விரலை ஓட்டியே
ஆட்டுத்தோலில் உண்ணி கடித்த இடத்தைச் சொல்லிவிடுவார்.
‘கைப்பழக்கம், வேறொன்றுமில்லை’
என்று எழுதிக் கொடுத்திருந்தார்.
அதை மொழிபெயர்க்க அரை நிமிஷம் ஆகவில்லை.
பதனிட்ட தோல்
விரல் பட்டால் சுருங்குவதில்லை.

“வருடினாரா?” என்றார் குழுத் தலைவி,
வாலாஜா காலேஜில் தமிழ் எடுத்தவர்.

“அது எம் பையன் தூங்கறப்ப நான் பண்றது மேடம்.
இது
சந்தையில கத்தரிக்காய அமுக்கி அமுக்கிப் பாப்பாங்களே,
வாங்கவே மாட்டாங்க,
அந்த மாதிரி.
இலவம்பாடிக் காயா இருந்தா
அதுக்காவது முள்ளு இருக்கும்.”

ஒருத்தர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“நீங்ககூடத்தான் சார்
காலையில தோள்ல தட்டிட்டுப் போவீங்க.
அதெல்லாம் எழுத வேணாம்.”

எழுதவில்லை.
விசைப்பலகையில் என் கை
யாருடையதோ போலக் கிடந்தது.

‘என்னம்மா, சாப்பிட்டியா’ என்றபடி
லைன் முழுக்க நடந்து வருவேன், ஆறு வருஷமாக.
என் கணக்கில் அது பேட்,
இருக்கிற டப்பாக்களில் சுத்தமானது.
தமிழில் தட்டிக் கொடுப்பது.
கொடுத்தேன் கொடுத்தேன் என்று இருந்திருக்கிறேன்,
வேண்டுமா என்று
ஒரு தோளையும் கேட்காமல்.
இன்றைக்கு அவள்
தட்டிக் கேட்டாள்,
எழுத வேணாம் என்கிற அளவுக்கு மெதுவாக.

மறுநாள் காலை அதே லைன்.
கை தன்பாட்டுக்கு எழுந்துவிட்டது.
ஊசி ஓடிக்கொண்டிருக்க
அவள் தோள்
ஒரு நூல், ஒரே நூல், முன்னால் நகர்ந்தது.
பக்கத்து மிஷினில் இருந்த தோளும்.
எத்தனை காலைகளாக நகர்ந்துகொண்டிருந்தனவோ.
கையைத் திருப்பி
மேலே டியூப்லைட்டைச் சரிபார்ப்பவன் போல
நின்றுவிட்டு வந்தேன்.

படிவத்தில் குரோப் மேல் டிக் போட்டேன்.
அதர்ஸ் என்ற இடத்திலும்
அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்,
முள் உட்பட.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது:
நன்றி,
கத்தரிக்காய் பற்றி மட்டும் சற்று விளக்கவும்.