மெய்யெழுத்துகள் முதலில் போகும்

புவன விஸ்தாவில், நான்காம் மாடியில்,
குளிர்சாதன இரைச்சலும் நுழையாத ஓர் அறை.
கதவைச் சாத்தினால்
நம் இரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும்.
அதற்குள் மருதையன் உட்கார்ந்திருந்தார்,
ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்,
கையில் ஒரு பொத்தானோடு.
சத்தம் வந்தால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அழுத்தினார்.
நான் ஒலி அனுப்பாதபோதும் அழுத்தினார்.
துவாஸ் கப்பல் பட்டறையில்
பதினோரு வருடம் துருவைச் சுரண்டிய கட்டைவிரல்
விட்டு விட்டு, நிதானமாக,
மௌனத்துக்கெல்லாம் ஆமாம் போட்டது.

‘நம்பகத்தன்மை குறைவு’ என்று குறிக்கப்
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
ரோஸ்னா பேனாவோடு என்னைப் பார்த்தாள்.
நான் கதவைத் திறந்தேன்.

“இந்தப் பேப்பர் கம்பெனிக்குப் போகுமா மேடம்?”

போகாது. பேரே போகாது.
இங்கே நீங்கள் நாற்பத்தியொன்று.
பெர்மிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை
என்று இரண்டு முறை சொன்னேன்,
இரண்டாம் முறை சத்தமாக.
கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.
நம்பினாரா, தெரியவில்லை.

பிறகு சொற்கள்.
தொண்டை கட்டியிருந்த ஒரு வாரத்தில்
இந்த ஆய்வுக்காக நானே பேசிப் பதிந்தவை.
பல், என்றது என் குரல்.
கல், என்றார் மருதையன்.
பசி. “வழி.”
தச்சன். “அப்பன்.”
காசு.
“காது,” என்று சிரித்தார்.
“முணுமுணுன்னு பேசுறீங்க மேடம்.
எம் பொண்டாட்டியும் இப்படித்தான்.
லைன் சரியில்ல. மூணு தடவ சிம்ம மாத்திட்டேன்.”

உதட்டிலும் பல்லிலும்
நொடியில் பிறந்து முடிகிற சின்ன ஓசைகள்
உச்சிக் கிளையில் குடியிருப்பவை.
இரைச்சல் முதலில் முறிப்பது அந்தக் கிளையை.
அ, ஆ, ஓ எல்லாம்
அடிமரத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்துவிடுகின்றன.
சாவில் உயிர் போய் மெய் கிடக்கும்.
செவியில்
மெய் போய் உயிர் அலைகிறது,
உடுத்த ஒன்றுமில்லாமல்.
உயர்நிலை இரண்டில் இலக்கணம் நடத்திய ஆசிரியை
இதைச் சொல்லவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்காது.

திங்கள் முழுக்க எலியின் நத்தைச்சுருள்.
அரிசி நொய்யைவிடச் சற்றுப் பெரிது.
இரண்டு மணி நேரம் பேரிரைச்சலில் வைத்திருந்த எலி.
நுண்ணோக்கியில், பச்சையாக, மயிர்க்கலங்கள்:
மூன்று வரிசை, ஓர் இடைவெளி, ஒரு வரிசை.
நடுநடுவே
பல் விழுந்த ஈறுபோல வெறும் கருப்பு.
நான் எண்ணுகிறேன்.
ஹுவீ லிங் தனியாக எண்ணுகிறாள்.
இருவர் கணக்கும் ஒத்துப்போனால் மகிழ்கிறோம்,
எதை எண்ணினோம் என்பதை ஒரு நொடி மறந்து.

மனிதருக்குக் காதுக்குப் பதினையாயிரம் சொச்சம்.
பிறக்கும் முன்பே அளந்து போட்டாயிற்று.
மறுபோகம் கிடையாது.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு காட்டுச்சேவல்.
விடியுமுன் கூவுகிறதென்று
எங்கள் புளோக்கில் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள்.
மருதையனின் பட்டறையிலேயே அதைக் கட்டிப்போட்டாலும்
சில வாரங்களில்
அதற்கு மறுபடி முளைத்துவிடும்.
எப்படி என்பது ஓரளவு தெரியும்.
நமக்கு ஏன் இல்லை என்பதற்குத்தான்
நான்காம் மாடியில் இரவிலும் விளக்கு.
அது பெருமையாகச் சாலையைக் கடந்து போனது.
அன்றைக்குக் கடையில் கோழிச்சோறு.
கொஞ்ச நேரம் தட்டையே பார்த்திருந்தேன்.
பசி. தின்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தார்.
வரமாட்டாரென்று ரோஸ்னா பந்தயம் கட்டியிருந்தாள்.
நாலாயிரம் ஹெர்ட்ஸ். நாற்பது டெசிபல்.
பொத்தான் அசையவில்லை.
ஐம்பது. அறுபது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்து
வராத ஒன்றுக்காக
அவர் காத்திருந்தார்.
அவ்வளவு நீளமான மௌனத்தை
நான் யாருக்கும் அனுப்பியதில்லை.
அறுபத்தைந்தில்
கட்டைவிரல் ஒரு முறை அழுந்தியது,
மெய்யாகவே.

வரைபடத்தைக் காட்டினேன்.
கிணற்றில் இறங்கும் படிபோல் கோடு
ஓரிடத்தில் சரிந்திருந்தது.
விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.
நேரமெடுத்துக் கேட்டார்:
“அப்ப, சிம்முல கோளாறு இல்லையா?”