மூன்றரை அங்குலம்

பள்ளத்தூர். காலை ஆறே கால்.
எதிர்ச்சாரியில் முக்காலியை ஊன்றி
கருவியின் குமிழி நடுவுக்கு வரக் காத்திருக்கிறேன்.
பாகப்பிரிவினை வழக்கு. பதினேழு புள்ளி, ஒரு முகப்பு.
அறைகளைப் பிரித்துவிட்டார்கள்,
சாவிகளை, அண்டாக்களை,
கிணற்றில் இறைக்கும் முறைநாளைக்கூட.
முகத்தைப் பிரிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

நூற்று முப்பத்திரண்டு அடி அகலம்.
நடுவில் முக்கோண நெற்றி,
அதில் யானைகள் நீர் சொரியும் லட்சுமி,
அவளுக்கு இருபுறமும் தொப்பி போட்ட சிப்பாய்கள்.
ஒருவனிடம் துப்பாக்கி இருக்கிறது.
மற்றவன் கையில், துப்பாக்கி இருந்த இடத்தில், அரசங்கன்று.
கீழே பதினொரு ஜன்னல்,
ஒவ்வொன்றுக்கும் தூக்கிய புருவம்போல் ஒரு வளைவு.
மேலே நான்கு புகைபோக்கி.
அடுப்பு எரிந்ததோ இருநூறு அடி தள்ளி, மூன்றாம் கட்டில்.
இந்தப் புகைபோக்கிகளுக்கு வாய் உண்டு, வயிறு இல்லை.
பச்சைக்கிளிகள் குடித்தனம் நடத்துகின்றன.
அவற்றை வழக்கில் சேர்க்கவில்லை.

சிக்கல் இடப்பக்கம்.
மூன்றாம் ஜன்னலுக்கு நேர் மேலே
கைப்பிடிச்சுவர் மெல்ல இறங்கி
ஆறடி போய் மறுபடி ஏறுகிறது.
ஆழம் மூன்றரை அங்குலம்.

அந்தப் பக்கம் சிகப்பி வகையறாவுக்கு விழுந்தது.
மருமகன் அடைக்கப்பன் ஈப்போவிலிருந்து போனில்:
"அஸ்திவாரம் எறங்கிருச்சு. எழுதுங்க.
எங்க பங்குல முப்பது லட்சம் கொறையுது, அதையும் எழுதுங்க."
வலப்பக்கத்துப் பெத்தபெருமாள் என் தோளருகே நின்று:
"எறங்கவே இல்லை. நூறு வருசமா அப்படித்தான் நிக்குது."
"அப்பச் சரி. பக்கத்த மாத்திக்குவமா?"
பெத்தபெருமாள் அதற்குள்
கிளிகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

இறங்கிய சுவர் வாய் பிளக்கும்.
ஏணி வைத்து ஏறித் தேடினேன்,
கண்ணால், விரலால், பிறகு நகத்தால்.
பூச்சு வழவழவென்று
என் மூக்கையே எனக்குக் காட்டியது.
விரிசல் இல்லை.
பூச்சு உதிர்ந்த ஓரத்தில் எட்டிப் பார்த்தால்
செங்கல் வரிசை இறங்கும் இடத்தில் இறங்கி
ஏறும் இடத்தில் ஏறுகிறது, ஒழுங்காக.
பள்ளம் விழவில்லை.
யாரோ அதைக் கட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் இரும்பறை திறந்தது.
சீல் உடைக்கக் கோர்ட்டு ஆணையர், பட்டியல் எழுத நான்.
வைரம் இல்லை. பத்திரமும் இல்லை.
பதினேழு புள்ளிக்கும் முதன்முறையாக
ஒரே மாதிரி முகம்.
சாக்குத்துணிக்குள் ஒரு பிஸ்கட் டப்பா,
லண்டனிலிருந்து ரங்கூனுக்கும்
ரங்கூனிலிருந்து இங்கேயும் கப்பலேறியது.
மூடியில் யாரோ ஒரு துரையின் நாட்டுப்புறத்து மாளிகை:
முக்கோண நெற்றி, பதினொரு ஜன்னல், நான்கு புகைபோக்கி,
புல்வெளியில் ஒரு நாய், வானம் முழுக்க மழைமேகம்.
நாயையும் மேகத்தையும் இங்கே விட்டுவிட்டார்கள்.
படத்தின் மேல் ஊசியால் கீறிய கட்டங்கள்.
ஓரத்தில் பொடி எழுத்தில் முழக்கணக்கு.
இடப்பக்கம், மூன்றாம் ஜன்னலுக்கு நேர் மேலே,
டப்பா எங்கோ விழுந்து நெளிந்த நெளிவு.

கட்டிய கொத்தனாரின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.
துரைமார் வீடு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாரோ.
அல்லது, படத்தில் உள்ளபடியே வேண்டும்,
ஒரு நூல் பிசகினாலும் கூலி கிடையாது
என்று மிரட்டியவருக்கு
ஒரு நூல் பிசகாமல் கொடுத்தாரோ.
சாரத்தின் மேல் நின்று
அவர் ஒருமுறையாவது சிரித்திருக்க வேண்டும்.
அதை அறிக்கையில் எழுத முடியாது.

தாழ்வு: மூன்றரை அங்குலம், என்று எழுதினேன்.
காரணம், என்று எழுதிப் பேனாவை நிறுத்தினேன்.
போனில் அடைக்கப்பன்,
"அந்த டப்பா யார் பங்குல வருது?" என்றார்.
பெத்தபெருமாள் மூடியை வெளிச்சத்தில் பிடித்து
திருப்பி, கட்டைவிரலால் தடவி,
"உள்ளேருந்து ஒரு தட்டுத் தட்டினா
சரியாப் போயிரும்" என்று
பேப்பர்வெயிட்டைக் கையில் எடுத்தார்.

பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன்.
நான் இன்னும் அளந்து முடிக்கவில்லை.