பதினான்காம் எண்

செகெத் நகரில் டிசா ஆறு
இரவோடிரவாக உறைந்துபோயிருந்தது.

பதினான்காம் எண் நாய்
மேசையில் தானாகவே ஏறிப் படுத்தது. பழக்கம்.
மின்முனைகளை ஒட்டுமுன்
பிரோஷ்கா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள்.
செய்முறைக் குறிப்பில் அது இல்லை.

மருந்து இறங்கியது.
கோடு முதலில் இரட்டைவரி நோட்டு எழுத்தாய்
ஒழுங்காகத்தான் ஓடியது.
பிறகு ஒரு துடிப்பு முடியவே மாட்டேனென்று
நீண்டது, இன்னும் நீண்டது,
சட்டென்று
ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி
கோடு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டது.

ஏழு வினாடி.
கணினி எண்ணியது. அவளும்.

தானே திரும்பி வந்தது இதயம்.
செருகிய கண் திறந்து
அவள் சட்டைப்பையை முகர்ந்தது நாய்,
அங்கே எப்போதும் ஒரு துண்டு கொல்பாஸ் இருக்கும்.
வால் ஆடியதை எழுதப்
பதிவேட்டில் கட்டம் கிடையாது.

மாலை மருந்துக்கடையில்
லோராந்துக்கு மாத்திரை வாங்கினாள்;
கல்யாணமான வருடமே தடுமாறத் தொடங்கிய இதயம் அவனுக்கு.
பெட்டிக்குள் எட்டாய் மடித்த தாள்,
எறும்பெழுத்து:
'விலங்குகளில் செய்த ஆய்வுகளில்...'

டிராமில் நின்றபடி
அந்த வரியை விரலால் தடவினாள்.
வெறும் மை.
கோட்டுக் கையில்தான் ஒட்டியிருந்தன
இரண்டு பழுப்பு ரோமங்கள்.
தட்டிவிடவில்லை.