ஆறரைக் கிலோ

கடைக்குள் தரை கண்ணாடி மாதிரி.
இதில் எதுதான் ஓடாது?
"தெருவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?" என்றாள் நானுலி.
விற்கிற வாக்தாங் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

தெமோ வீட்டில், அப்பாவோடு, தூக்கத்தில்.
அவனுக்குப் பதிலாக
எதிர்க்கடைத் தர்பூசணி ஒன்று,
ஒன்பது கிலோ,
இடுப்புவார் இறுக்கி.

திபிலிசி நடைபாதைக்கு
எப்போதும் பல் முளைக்கும் பருவம்:
அங்கொரு கல், இங்கொரு பொக்கை.
முன்சக்கரம் ஒருமுறை திக்கியது,
பிறகு சரளமாகப் பேசியது.

சுரங்கப்பாதை. முப்பத்திரண்டு படி.
வண்டியோடு இறங்கினாள், ஏறினாள்.
மூச்சு வாங்கியதென்னவோ
வெறுங்கையோடு வந்த வாக்தாங்குக்கு.

"ஒரே கையால் மடங்கும்" என்று
மடித்துக் காட்டினான்,
இரண்டு கையால்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியை விரித்தாள்,
பழத்தை எடுத்து அவன் இடத்தோளில் சாத்தினாள்.
"இப்போது மடியுங்கள்."

மூன்றாம் தடவை மடிந்தது.

கூடை சின்னது, இரண்டு ரொட்டிக்கு மேல் தாங்காது.
வெயில்மறைப்பு மூக்குவரைகூட எட்டவில்லை.
குறைதான்.
ஆனால் எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்;
சில்லறை இல்லாத நாளிலும்
ஐந்தாம் மாடி ஐந்தாம் மாடிதான்.
ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் இது.
தூக்கிப் பார்த்தாள், இன்னொரு முறை,
கண்ணை மூடிக்கொண்டு.

"சரி, பில் போடுங்கள்."

வாக்தாங் பழத்தை இன்னும் இறக்கவில்லை.
தன்னை அறியாமல் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே
மிச்சமிருந்த ஒரு கையால்
பேனாவைத் தேடினான்.