கொம்பனித்தெருவில் அறிவித்தல்

உயர்தரத்தில் எனக்குக் கிரேக்க உரோம நாகரிகம்.
எஸ் சித்தி. நினைவிருப்பது ஒன்றுதான்:
பாம்பு சுற்றிய கோலோடு வருகிற கட்டியக்காரனை
எவனும் தொடக்கூடாது. தொட்டால் சீயஸ் பார்த்துக்கொள்வார்.

என் கோல் இந்த மைக்.
பாம்பு, அதன் சுருள் வயர்.
ஆட்டோக் கூரையில் கட்டிய இரண்டு குழாய்களால்
மூன்று மொழியில் சொல்லிக்கொண்டு போனேன்:
பதினான்காம் திகதிக்கு முன்
வீடுகளை ஒப்படைக்கவும்.

பள்ளிவாசல் முடக்கில் மறித்தார்கள்.
ஒருவன் கையில் உடைந்த ஓடு.
என் கொலரில் இன்னொருவன்.
"உடுங்க அவன" என்றார்
சோத்துக்கடை நஜ்முன்னிசா.
"கூலிக்குக் கத்துறவன்."

விட்டார்கள்.
சீயஸ் வரவில்லை.

பிறகு வயரைச் சுண்டிக் கேட்டார்:
"இது அந்தப் பக்கமும் பேசுமா?"

பிளேன்ரீ வந்தது.
அவர்கள் சொல்லச் சொல்ல
அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்:
நாற்பத்தியொரு வீடு, ஒரு கிணறு,
டிசம்பரில் சோதனை எடுக்கிற ஒரு பிள்ளை,
இன்னும் நிறைய, ஓரங்களில் சரித்து.

கந்தோரில் தாளை நீட்டினேன்.
"எல்லாத் தெருவுக்கும் போனதா?"
போனது. திருப்பிப் பாருங்கள் என்றேன்.

திருப்பினார்.
கையெழுத்து வைக்க
இடமில்லையே என்றார்.